தோட்டத்திலிருந்தே வரலாறு பயிலலாம்: இணையவழி முதுகலைக் கல்வி குறித்து ஒரு பாடம்

சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராக விளங்கும் ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா நகர் சீபீல்டு தோட்டத்தின் மண்ணில் எழுந்தது. பெட்டாலிங் ஜெயா 1950களில் எழும்பியபோது அது எபிங்ஹாம் தோட்டத்தின் நிலம். 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்த அரங்கத்தின் பெயரான புக்கிட் ஜாலில் என்பதும் ஒரு தோட்டத்தின் பெயரே. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலையிற் செல்லும் இளைஞர் ஒருவர்க்கு, தம் பாட்டனார் நிரை பிடித்து மரம் வெட்டிய இடத்தின் மீதே தாம் செல்வது தெரியாது. பெரட்டுக் களமும், பால் கொட்டகையும், ஆயாக் கொட்டகையும் இருந்த இடத்தைக் காட்ட ஒரு கல்லும் அங்கு இல்லை.

ஓர் ஊர் மறைவது புதிதன்று. ஆனால் அவ்வூரைப் பற்றி எழுதி வைத்தவர் யார் என்று வினவுவோமாயின், விடை நமக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை. நம்மைப் பற்றிய ஏடுகளிற் பெரும்பாலானவை துரைமார்களும், தொழிலாளர் இலாகா அதிகாரிகளும், பின்னர் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்களும் எழுதியவை. தோட்டத்திற் பிறந்து, லயத்தில் வளர்ந்து, தமிழேடும் ஆங்கில ஏடும் ஒருங்கே படிக்க வல்லவர் எழுதிய வரலாறு மிகக் குறைவு. இக்குறையை நீக்கக்கூடிய ஒரு கல்வியைப் பற்றியே இவ்விதழில் நாம் எழுத முற்படுகிறோம்.

வரலாறு, மொழி, இலக்கியம், சமயம், தத்துவம், கலை ஆகிய மனிதப் பண்பாட்டுத் துறைகளில் முதுகலைப் பட்டத்தை இன்று வீட்டிலிருந்தவாறே இணையத்தின் வாயிலாகப் பயில முடிகிறது. விரிவுரைகள் கைப்பேசிக்கு வருகின்றன. நூல்கள் மின்னேடுகளாகக் கிடைக்கின்றன. கட்டுரைகளை எழுதி அனுப்பினால் ஆசிரியர் திருத்தி அனுப்புகிறார். முழுநேரமாகப் பயில்வோர் ஓரிரு ஆண்டுகளில் முடிப்பதைப் பகுதிநேரமாகப் பயில்வோர் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிக்கின்றனர்.

இவ்வகைக் கல்வி திடீரென வானத்திலிருந்து குதித்ததன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே வெளியிலிருந்து பயில்வோர்க்குத் தேர்வு நடத்தத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில் தொலைக்கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் அஞ்சல்வழிக் கல்வியை ஏற்படுத்தியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000த்திலும் தோன்றின. அந்நாளில் தபாற்காரர் கொணர்ந்த பாடக்கட்டு இந்நாளில் கைப்பேசித் திரையில் வருகிறது. 2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்திற்குப் பின்னர் இம்மாற்றம் மேலும் விரைவுபட்டது. அவ்வளவே வேறுபாடு.

முதுகலைப் படிப்புக்கும் பாட்டாளிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் நூலகத்திற்காகத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் கேட்டது. அவ்வொரு வெள்ளியைத் தந்தவர்களுள் அன்றைய தோட்டப் பாட்டாளிகளும் இருந்தனர். அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகளார் முன்னின்று 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். ஆகவே உயர்கல்வி நமக்கு அந்நியமானது என்று கூறுவது, நம் முன்னோர் ஈந்த வெள்ளியை நாமே மறந்துவிடுவதாகும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். முதுகலை வகுப்பில் மாணவர் என்ன செய்கிறார்? பள்ளியில் வரலாறு என்றால் ஆண்டுகளை மனனம் செய்வது என்று எண்ணிப் பழகிவிட்டோம். முதுகலையில் அதற்கு மதிப்பில்லை. ஒரு கேள்வியை எழுப்பி, அதற்குச் சான்று தேடி, சான்றுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, எது நம்பத்தக்கது என்று தீர்மானிப்பதே அங்குப் பயிலும் வித்தை. இதனை வெறும் சொல்லால் விளக்குவதினும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் நன்று. கிள்ளான் வட்டாரத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம்.

1941ஆம் ஆண்டில், ஜப்பானியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், கிள்ளான் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர்.எச். நாதன் அவர்களை ஒன்று திரட்டினார். அவ்வாண்டு மே திங்கள் தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் கைதானதும் வேலைநிறுத்தம் அடங்கவில்லை, மேலும் பரவிற்று. சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பட்டாளம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். பலர் சிறைப்பட்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர்.

இவ்வளவும் நூல்களில் உள்ளன. தேர்வுக்குப் படிப்பவர் இத்துடன் ஏட்டை மூடிவிடலாம். முதுகலை மாணவர் மூடலாகாது. இங்கேதான் அவர் வேலை தொடங்குகிறது. அத்தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். தமிழ் பேசத் தெரிந்த உத்தியோகஸ்தர் வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நோயுற்றோர்க்கு மருத்துவ வசதி, பெண்களுக்குத் தொல்லையில்லாப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னனர். உறவினர் தோட்டத்திற்கு வந்து போகத் தடையிருத்தலாகாது என்றனர். இவற்றுக்கிடையே ஒரு கோரிக்கை: துரையோ உத்தியோகஸ்தரோ எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக்காகப் போராடினர் என்றால் எவருக்கும் விளங்கும். சைக்கிளை விட்டு இறங்குவதால் ஒரு காசும் குறைவதில்லையே! அவ்வாறிருக்க, பட்டாளத்தின் துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் பேசினர்? இதுவே நல்ல ஆய்வுக் கேள்வி. 'மலேசிய இந்தியர் வரலாறு' என்று தலைப்பிட்டு ஆயிரம் பக்கம் எழுத முற்படுவது தொடக்க மாணவர்கள் செய்யும் பிழை. ஆசிரியர்கள் அதனை முதல் மாதத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவர். ஒரு மாவட்டம், ஒரு மாதம், ஒரு சைக்கிள். இவ்வளவு சிறிதாக்கிக் கொண்டால்தான் ஆழமாகத் தோண்ட இயலும்.

அடுத்து, சான்றுகள். முதற்சான்று அரசாங்கக் கோப்புகள். அவற்றுட் பல கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோப்பை எழுதிய அதிகாரியின் கண்ணுக்கு அமைதியான தொழிலாளரைச் சில கிளர்ச்சிக்காரர்கள் கெடுத்துவிட்டதாகவே தோன்றும். அவர் பொய்யர் என்று நாம் கூற வரவில்லை. அவர் தம் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுகிறார். அவர்க்கும் ஒரு அச்சம் உண்டு. எனவே ஒவ்வொரு தாளையும் கையிலெடுக்கும்போது மாணவர் கேட்க வேண்டியவை: எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? நடந்தபோதே எழுதினாரா, நாளாகிய பின் எழுதினாரா? எதைச் சொல்லாமல் விட்டார்? கடைசிக் கேள்வியே கடினமானது. பெண் தொழிலாளரின் பெயர்கள் கோப்புகளில் அரிதாகவே வரும். மரம் வெட்டிய கைகளிற் பெண்களின் கைகள் குறைவல்ல என்பதை நாம் அறிவோம். கோப்பு அறியாது.

இரண்டாம் சான்று அக்காலத்துப் பத்திரிகைகள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மலாயாவின் பழைய நாளேடுகள் பலவற்றை மின்வடிவாக்கி இணையத்தில் வைத்துள்ளது. 'தமிழ் முரசு' ஏடும் அவற்றுள் அடங்கும். ஆங்கில நாளேடு ஒரு நிகழ்ச்சியை எவ்வாறு கூறிற்று, தமிழ் நாளேடு அதனையே எவ்வாறு கூறிற்று என்று பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தல் வேண்டும். இங்குத் தமிழறிந்த மாணவர்க்கு ஒரு பெருவாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் பலர் ஆங்கில ஏட்டோடு நின்றுவிட நேர்கிறது. தோட்டத்துப் பிள்ளை இரண்டையும் படிப்பார். கிராணி, மண்டோர், கங்காணி, தண்டல் என்னும் சொற்களுக்கிடையே உள்ள நுட்பமான ஏற்றத்தாழ்வை அவர் அகராதியைப் புரட்டாமலே உணர்வார். பல்கலைக்கழகங்கள் கற்றுத்தர இயலாத படிப்பு அது.

மூன்றாவது, முன்னரே வந்த நூல்கள். கெர்னியல் சிங் சந்து மலாயாவிற்கு வந்த இந்தியரின் குடியேற்றத்தை 1786 முதல் 1957 வரை ஆராய்ந்து எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1970இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி ஒரு நூல் தந்தார். அதே ஆண்டில் ரவீந்திர ஜெயின் என்பார் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் 1960களில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலேயே தங்கி ஆய்வு செய்தவர். அத்தோட்டத்தின் உண்மைப் பெயரை அவர் தம் நூலில் எழுதவில்லை. 'பால் மெலாயு' என்று ஒரு புனைபெயரால் அழைத்தார். ஏன் அவ்வாறு செய்தார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மிடம் மனம் விட்டுப் பேசியவர்க்கு நாளை எவராலும் இடையூறு நேர்ந்துவிடலாகாது என்பது ஆய்வாளரின் கடமை. இன்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு தொடங்குமுன் இதற்கென ஒரு படிவத்தில் உறுதி கூறச் செய்கின்றனர்.

நான்காவது சான்று நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. அதுவே மிக விரைந்து அழிந்து வருவது. 1941இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர்க்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது. தாய் தந்தையர் பெரட்டுக்குப் போகாமல் லயத்து வாசலில் நின்ற காட்சியை நேரிற் கண்டவர்கள் இன்னும் எத்தனை பேர் உள்ளனரோ, அவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கின்றனர். கோப்பு ஐம்பது ஆண்டு காத்திருக்கும். முதியவர் அடுத்த தீபாவளி வரை இருப்பார் என்பதற்கே உறுதியில்லை. ஆதலின், பட்டப்படிப்பில் சேரும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்க பகுதி இதுவேயாகும் என்று நாம் வற்புறுத்துகிறோம். கைப்பேசியின் ஒலிப்பதிவு ஒன்றே போதும்.

சான்றுகள் தாளில் மட்டும் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோலாலம்பூருக்கு ஒருநாள் வரும் வாசகர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியை நடந்தே பார்க்கலாம். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் அழிந்தது. ஓலையும் பலகையும் நீக்கிச் செங்கல்லால் நகரைக் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் முனைந்தார். அச்செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே 1886இல் இருப்புப்பாதை அமைந்தது. அதனைச் சார்ந்து யாழ்ப்பாணத் தமிழரும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் இங்குக் குடியேறினர். அவர்கள் வாழ்ந்த இரயில்வே வீடுகளின் வரிசையிற் பெரும்பகுதி இன்று இல்லை. 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமக் கட்டடம் நிற்கிறது. 2014ஆம் ஆண்டில் அவ்விடத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் பேசப்பட்டபோது மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். கிள்ளானை அடுத்த துறைமுகம் 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் பலர் அங்கே நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு தெருவையும் ஒரு துறைமுகத்தையும் ஏடு படிப்பதுபோற் படிக்கலாம்.

செலவையும் வாய்ப்பையும் பற்றிச் சில சொற்கள். முதுகலையிற் சேர முதல் பட்டம் வேண்டும் என்பது பொது விதி. எனினும் பணி அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் முறை ஒன்று மலேசியத் தகுதி நிர்ணய ஆணையத்தின் மேற்பார்வையில் நடைபெறுகிறது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதனை 'ஏப்பெல்' என்பர். குறிப்பிட்ட வயதும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா போன்ற கல்வியும், துறை சார்ந்த அனுபவமும் உடையவர் இம்முறையில் விண்ணப்பிக்கலாம். நாற்பது வயதில் இனிப் படிப்பேது என்று சலித்துக்கொள்வோர் இதனை விசாரித்தறிதல் நலம்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் செய்தல் வேண்டும். அப்பட்டம் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளதா என்று அவ்வாணையத்தின் இணையப் பக்கத்திற் பார்க்கலாம்; கட்டணம் இல்லை. இந்தியாவிலுள்ள நிலையமாயின், அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு அப்படிப்பைத் தொலைக்கல்வியாக நடத்த ஒப்புதல் தந்துள்ளதா என்று கேட்டறிய வேண்டும். பெயர் பெற்ற நிலையமே ஆயினும், சேரும் ஆண்டுக்கு அவ்வொப்புதல் உள்ளதா என்பதே கேள்வி. விளம்பரத்தில் உள்ள வண்ணப் படமும், 'இன்றே சேர்ந்தால் கழிவு' என்னும் வாசகமும் அங்கீகாரம் ஆகமாட்டா. இவ்வாறு ஏமாந்து, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தையும் மூன்றாண்டு உழைப்பையும் இழந்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம்.

ஊழியர் சேமநிதி வாரியத்தில், தமக்கோ பிள்ளைகளுக்கோ உரிய உயர்கல்விக்காகச் சேமிப்பின் ஒரு பகுதியை எடுக்க வழியுண்டு. 2024ஆம் ஆண்டு மே திங்களில் கணக்குகள் மாற்றியமைக்கப்பட்ட பின், 'செஜாத்தெரா' எனப்படும் கணக்கிலிருந்து இதனைப் பெறலாம். வழியுண்டு என்பதால் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. வரலாற்று முதுகலைப் பட்டம் சம்பளத்தை உடனே உயர்த்திவிடும் என்று எவரேனும் கூறினால் அதனை நம்ப வேண்டாம். ஆசிரியர் தொழில், அரும்பொருட் காட்சியகம், நூலகம், பத்திரிகை, ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் இடங்கள் சில, போட்டியாளர் பலர். முதுமைக்கென வைத்த சேமிப்பை முழுவதும் இதில் இறைப்பது நம் கருத்தில் தக்கதன்று. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பதே தோட்டக் குடும்பத்திற்கு ஏற்றது.

நேரத்தைப் பொறுத்தவரை, தோட்டத் தொழிலாளி நகரத்து எழுத்தரினும் சற்று வாய்ப்புடையவர் என்றே கூறலாம். விடியுமுன் எழுந்து மரம் வெட்டிப் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகல் நமக்குரியது. மழைநாளில் வெட்டில்லை, கூலியும் இல்லை. அந்நாளைக் கவலையிற் கழிப்பதினும் ஓர் அதிகாரம் படிப்பதிற் கழிக்கலாம். உடல் அயர்ந்திருக்கும், அதனை நாம் மறுக்கவில்லை. இணையத் தொடர்பு எல்லாத் தோட்டங்களிலும் ஒன்றுபோல் இல்லை என்பதும் உண்மை. பாடங்களைத் தொடர்பு நன்கு கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டிற் படிப்பதே இதற்கு வழி.

முதுகலை எண்ணம் இல்லாதவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய பெட்டியில் இருப்பவற்றை எறிந்துவிட வேண்டாம்: சம்பள அட்டை, கப்பலில் வந்த காலத்துப் பத்திரம், சிவப்பு அடையாளக் கார்டு, தோட்டக் கோயில் திருவிழா அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளி வகுப்புப் புகைப்படம். புகைப்படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் நிற்பவர் பெயர்களையும் எழுதி வைக்கலாம். தோட்டம் மூடப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயரும்போது முதலிற் குப்பைக்குப் போவன இவையே.

முதியவரிடம் பேச அமரும்போது சில நடைமுறைகளைக் கைக்கொள்ள வேண்டும். பதிவு செய்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி இசைவு பெற வேண்டும். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவரின் வயது ஆகியவற்றைக் கூற வேண்டும். 'அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டீர்களா, பாட்டி?' என்று கேட்டால் 'ஆமாம்' என்னும் ஒரு சொல்லே வரும். 'பெரட்டுக்கு மணி அடித்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? முதல் மங்கு நிறையும்போது பொழுது எந்த அளவில் இருக்கும்?' என்று கேட்டால் ஒரு காலமே எழுந்து வரும். அவர் பிழையாக ஆண்டைச் சொன்னாலும் இடைமறித்துத் திருத்தலாகாது. ஆண்டைப் பின்னர்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் அழத் தொடங்கினால் கருவியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அவர் மீண்டும் பேச விரும்பினால், அடுத்த முறை கேட்பதற்கு இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: 'தாத்தா, உங்கள் அப்பாவுக்கு சைக்கிள் இருந்ததா? துரை எதிரே வந்தால் அவர் என்ன செய்வார்?'